புதுப்பிப்பு: தாத்தாவின் தஞ்சாவூர்ப் படம், பின்பலகையைத் திறந்தாயிற்று

போன மாதம் எழுதியிருந்தேன்: பினாங்கு வீட்டில் தாத்தா விட்டுச்சென்ற வெண்ணெய்த்தாழிக் கிருஷ்ணர் படம் என் பங்குக்கு வந்தது, ஆனால் பின்பலகையைத் திறக்க அத்தை விடவே இல்லை என்று. பலரும் கேட்டீர்கள், அதனால் சொல்கிறேன்.

கரையான் பிடித்ததும் அத்தையே சரி என்றார். லிட்டில் இந்தியா பக்கம் ஒரு பிரேம் கடையில் ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்கள். பலாப்பலகைக்கும் அட்டைக்கும் நடுவே ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து ஆண்ட காலத்து, வாழைமரப் படம் போட்ட பத்து டாலர் நோட்டு ஒன்று, நான்காய் மடித்த காகிதம் ஒன்று. பென்சில் எழுத்து: "திரும்பி வந்ததும் வாங்கிக்கொள்கிறேன். விளக்கு மட்டும் ஏற்று."

படம் எங்களுடையதே இல்லை. தாத்தாவின் சிநேகிதருடையது. 1943இல் அவரை ஜப்பான்காரர்கள் சயாமுக்கும் (தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே ரயில் பாதை போடும் வேலைக்குப் பிடித்துப் போனார்கள். 415 கிலோமீட்டர் பாதை, அதில் ஆயிரக்கணக்கில் மாண்டவர்கள் நம் தோட்டத் தமிழர்கள். அவரும் வரவில்லை. தாத்தா சாகும்வரை வெள்ளிதோறும் விளக்கேற்றினார். "அடுத்தவர் பொருள்னு தெரிஞ்சா வித்துடுவீங்களோன்னு பயந்தேம்மா" என்று அத்தை அழுதார். எனக்கும் தாங்கவில்லை.

கிருஷ்ணரின் தோளில் தங்கரேக்கு உரிந்து, அடியிலிருக்கும் மக்கு என்ற வெள்ளைப் பூச்சு தெரிகிறது. அதை இப்போதைக்குத் தொடப்போவதில்லை. காகிதத்தில் ஊர்ப்பெயர் இருக்கிறது, அவருடைய தங்கை வழியில் யாராவது இருக்கிறார்களா என்று தேடத் தொடங்கிவிட்டோம். கிடைத்தால் படம் அவர்களுக்குத்தான், அத்தைக்கும் அதில் சம்மதம். அதுவரை வெள்ளிக்கிழமை விளக்கு என் பொறுப்பு.