சிங்கப்பூர்ப் பேரனுக்குத் தமிழ்ப் பாடம் எதற்கு?

கண்டனூர்க்காரர்:
மகள் வயிற்றுப் பேரன் சிங்கப்பூரிலிருந்து லீவுக்கு வந்திருக்கிறான். ஐந்தாம் வகுப்பு. நேற்று முகப்பில் உட்கார்ந்து, தமிழ்ப் பயிற்சித் தாளை மடியில் வைத்துக் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தான். அங்கே மற்ற பாடமெல்லாம் ஆங்கிலம். தாய்மொழிப் பாடம் மட்டும் இனத்தைப் பார்த்துக் கொடுக்கிறார்கள். "நான் சிங்கப்பூரன்தானே ஐயா, அப்புறம் எதுக்கு எங்களைத் தனித்தனி வகுப்புக்கு அனுப்புறாங்க?" என்றான். எனக்குப் பதில் வரவில்லை.

யோசித்தால் அவன் பக்கம்தான் நியாயம். பல ஊரிலிருந்து வந்தவர்கள் சேர்ந்து உண்டாக்கிய நாடு அது. சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர் என்று நாலாகப் பிரித்து, அடையாள அட்டை வரைக்கும் இனத்தை எழுதினால் ஒரே நாட்டு மக்கள் என்ற எண்ணம் எப்படி வரும்? அரசு அடுக்குமாடியில்கூட 1989 முதல் ஒரு பிளாக்கில் இன்ன இனத்துக்கு இத்தனை வீடுதான் என்று கணக்கு. என் மகள் வீட்டை விற்றபோது அங்கே சீனர் கணக்கு நிரம்பியிருந்தது. நல்ல விலை சொன்ன சீனக் குடும்பம் வாங்க முடியவில்லை. குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டு வந்தாள்.

தேவகோட்டை ஆச்சி:
விலை குறைந்தது வருத்தம்தான் அண்ணே. ஆனால் அதற்கு முன் எப்படி இருந்தது? 1822-ல் ராஃபிள்ஸ் காலத்தில் போட்ட நகரத் திட்டமே சீனருக்கு ஒரு பக்கம், மலாய்க்காரருக்கு ஒரு பக்கம், சூலியா என்று நம் பக்கத்தாருக்கு ஒரு பக்கம் என்றுதான் பிரித்தது. நம் நகரத்தார் செட்டியார்கள், வட்டிக்கடையும் தங்குமிடமுமான மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கியில் ஆளுக்கு ஒரு பெட்டகமும் பாயுமாக இருந்தார்கள். பக்கத்துத் தெருச் சீனர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனதாக எங்கள் ஐயா ஒரு நாளும் சொன்னதில்லை. 1964-ல் சீனருக்கும் மலாய்க்காரருக்கும் கலவரம் மூண்டு உயிர்கள் போயின. இன்று உங்கள் பேரன் ஒரே லிஃப்டில் மூன்று மொழி கேட்கிறான் என்றால் அதில் அந்தக் கணக்குக்கும் பங்கு உண்டு.

மொழியை விட்டால்தான் ஒற்றுமை வரும் என்பதையும் ஏற்க மாட்டேன். முக்கால் பங்கு சீனர் உள்ள நாட்டில் தேசிய கீதம் மலாயில் இருக்கிறது. பிள்ளைகள் பள்ளியில் சொல்லும் உறுதிமொழியை 1966-ல் எழுதியவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த எஸ். ராஜரத்தினம். பெரியவன் தன் மொழியை எல்லார் தலையிலும் கட்டவில்லை. என் கண்ணுக்கு அதுதான் அந்த நாட்டின் பலம்.

ரங்கூன் வீட்டுப் பேரன்:
எங்கள் வீட்டுப் பட்டாலைத் தூண்கள் பர்மாத் தேக்கு. அதை அனுப்பிய பாட்டையா பெகுவில் லேவாதேவி நடத்தினார். இருபது வருடம் போய்வந்தும் ஒரு பர்மியச் சிநேகிதர் பெயர் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. 1930-களின் பொருளாதார மந்தத்தில் கடன் திரும்பாமல் நிலமாக வந்து சேர்ந்தது. கீழ்ப் பர்மாவின் நெல் வயலில் ஏறக்குறைய கால் பங்கு செட்டியார்கள் கையில். அந்த ஊர்க் குடியானவனுக்கு எப்படி எரிந்திருக்கும்! 1942-ல் ஜப்பான்காரன் வர, உயிரைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். மிச்சம் இருந்ததும் 1960-களில் நாட்டுடைமையாகிப் போனது. ஒட்டாமல் வாழ்ந்ததற்குக் கொடுத்த விலை அது. பொது மொழியும் பொது அடையாளமும் இல்லாமல் எந்த ஊரிலும் காலூன்ற முடியாது.

தேவகோட்டை ஆச்சி:
தம்பி, நம் ஆட்கள் குடியேறப் போகவில்லை, கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போனார்கள். மூன்று வருடக் கணக்கு முடிந்தால் ஊருக்குக் கப்பல். உண்மையில் குடியேறியவர்கள், மூட்டை தூக்கவும் வயலில் இறங்கவும் போனவர்கள். அவர்களில் பலர் அங்கேயே பெண் எடுத்தார்கள், பர்மியம் பேசினார்கள். 1982 குடியுரிமைச் சட்டம் என்ன செய்தது? உன் இனம் 1823-க்கு முன்பே இங்கே இருந்ததா என்றுதான் முதலில் கேட்டது. ஒட்டி வாழ்ந்தவனுக்கும் கதவைச் சாத்தினார்களே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

காரைக்குடி வாத்தியார்:
நாமே காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தவர்கள் என்றுதானே சொல்லிக்கொள்கிறோம்? கோயில் என்கிற குலப்பிரிவு ஒன்பது, நகரத்தார் ஒன்று. நேமங்கோயில்காரர் நேமங்கோயிலில் பெண் எடுக்க முடியாது. வேறு கோயிலைத் தேடித்தான் போக வேண்டும். பிரிவு இருப்பதால்தான் உறவே பின்னுகிறது.

ரங்கூன் வீட்டுப் பேரன்:
சார், ஒன்பதும் ஒரே சாதி, ஒரே மொழி. நம் வளவில் தலைமுறையாக வேலை செய்தவர்களுக்கு அந்த ஒன்பதில் எங்கே இடம்? நாடு என்றால் அவர்களையும் சேர்த்துத்தான்.

கண்டனூர்க்காரர்:
தம்பி கேட்டது சுருக்கென்று தைத்தது. அதற்கு நம்மிடம் பதில் இல்லை என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இன்று காலை நடந்ததைச் சொல்கிறேன். கவுனி அரிசி வெந்ததும், "அந்த மங்கை எடுத்தாடா" என்று ஆயா பேரனிடம் சொன்னாள். நீலக் கரை போட்ட பழைய மங்குக் கிண்ணம். பையன் அப்படியே நின்றுவிட்டான். "ஆயாவுக்கு மலாய் எப்படித் தெரியும்? என் பிரெண்ட் வீட்டில கிண்ணத்தை மங்குக்னு சொல்வாங்க" என்றான். அப்புறம் பயிற்சித் தாளின் ஓரத்தில் 'மங்கு' என்று, யாரும் சொல்லாமலே, தமிழில் எழுதினான்.

ஆச்சி, தமிழ் இருக்கட்டும், அதில் இறங்கி வருகிறேன். ஆனால் தமிழ் இவனுக்கு மட்டும், மலாய் அவனுக்கு மட்டும் என்று இனம் பார்த்துப் பிரிப்பதை இப்போதும் எதிர்க்கிறேன். ஆசைப்படுகிற சீனப் பிள்ளையும் அந்த வகுப்பில் உட்காரட்டும். இவன் மலாய் படிக்கட்டும்.

கூட்டாளிக்குக் காட்ட வேண்டுமாம். அந்தக் கிண்ணத்தைத் துணியில் சுற்றித் தன் பெட்டியில் வைக்கச் சொல்கிறான்.