கால்பந்து ஆட்டக்காரர் மைக்கைப் பிடிக்கும்போது: வேலை என்ன, எங்கே சறுக்குகிறார்கள்?

பக்கக்கோடு (கேள்வி)
தொழில்முறை ஆட்டக்காரர்கள் பலர் 33, 35 வயதில் பூட்ஸைக் கழற்றிய கையோடு வர்ணனைக்கு வருகிறார்கள். சிலர் சீக்கிரமே நிலைத்துவிடுகிறார்கள். அவர்களைவிடப் பெரிய ஆட்டக்காரர்கள் ஒரே சீசனில் காணாமல் போகிறார்கள். ஆட்டம் தெரிந்த ஒருவர் அங்கே புதிதாகக் கற்க வேண்டியது என்ன? ஆடிக்கொண்டிருக்கும்போதே தயாராக வழி உண்டா? விவரம் தெரிந்தவர்கள் விரிவாக எழுதுங்கள்.

இரண்டாம் மைக்
யாரிடம் பந்து, எத்தனையாவது நிமிடம், ஸ்கோர் என்ன என்பதெல்லாம் முதன்மை வர்ணனையாளர் பொறுப்பு. முன்னாள் ஆட்டக்காரருக்குப் பெரும்பாலும் கிடைப்பது அவர் பக்கத்து நாற்காலி, அதாவது துணை வர்ணனை. அங்கே பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஏன் அப்படி நடந்தது?

கோல் விழுந்தவுடன் வாய் திறக்காதீர்கள். முதன்மை வர்ணனையாளர் பெயரைச் சொல்லி முடிக்கட்டும். கூட்டத்தின் சத்தம் கொஞ்சம் தனியாகக் கேட்கட்டும். ரிப்ளே திரைக்கு வந்ததும் உங்கள் முறை. ஒரு கோணம் பெரும்பாலும் 5 முதல் 10 வினாடிதான் ஓடும். 10 வினாடியில் நிதானமாகச் சொல்ல முடிவது 15, 20 சொற்கள். "அருமையான கோல், என்ன ஒரு ஷாட், கோல்கீப்பரால் ஒன்றும் செய்ய முடியவில்லை" என்று தொடங்கினால் பாதி நேரம் போய்விடும். இதை நேயரே பார்த்துவிட்டார். "டிஃபெண்டர் பந்தையே பார்த்தார், முதுகுக்குப் பின்னால் ஓடியவரைக் கவனிக்கவில்லை, இரண்டடி முன்னே வந்தார், இடம் திறந்துவிட்டது." இதுவும் ஏறக்குறைய அதே நேரம்தான், ஆனால் நேயருக்குத் தெரியாத ஒன்று கிடைக்கிறது. நல்ல ஆட்டக்காரர்களே இதில் தடுமாறக் காரணம் உண்டு: அந்த அறிவு அவர்கள் காலில் இருக்கிறது, சொல்லாக மாற்றிப் பழகியதில்லை.

அடுத்தது கருவி. இரைச்சலான அரங்கில் உதட்டு மைக் கொடுப்பார்கள். மேலே உள்ள சிறு கம்பி மேலுதட்டில் படிந்தே இருக்க வேண்டும். அது விலகினால் குரல் மெலிந்து சத்தத்தில் கரைந்துவிடும். உணர்ச்சிவசப்பட்டு எழுந்து கையை வீசும்போதுதான் இது நடக்கிறது. மேசைப் பெட்டியில் இரண்டு பொத்தான்கள் முக்கியம். ஒன்று இருமல் பொத்தான். அழுத்தியிருக்கும்வரை மைக் அடங்கியிருக்கும். மற்றது டாக்பேக், அதை அழுத்திப் பேசினால் இயக்குநர் குழுவுக்கு மட்டும் கேட்கும். "அந்த ஃபவுலை இடப்பக்கக் கேமராவில் காட்டுங்கள்" என்று கேட்பது அதில்தான். விரலை எடுக்கும் முன் வாக்கியத்தை முடித்துவிடுங்கள், இல்லையென்றால் வால் நேரலையில் போய்விடும். ஆட்டத்துக்கு முன்பே ஒலிப் பொறியாளரோடு இரண்டையும் அழுத்திப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விதிப்புத்தகம்
மேலே எழுதியதெல்லாம் சரி. ஆனால் முன்னாள் ஆட்டக்காரர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது விதியில்தான். இருபது வருடம் ஆடியவர் விதியை உடம்பால் அறிந்திருப்பார், புத்தகத்தைத் திறந்தே இருக்க மாட்டார். விதிகள் ஆண்டுதோறும் ஜூலை 1 முதல் திருத்தப்படுகின்றன. 2019 திருத்தத்தைப் பாருங்கள். அதுவரை கோல் கிக்கில் (தற்காப்பு அணி தன் கோலருகிலிருந்து உதைத்து ஆட்டத்தை மீண்டும் தொடங்குவது) பந்து பெனால்டி பாக்ஸைத் (கோலுக்கு முன்னுள்ள பெரிய கட்டம்) தாண்டிய பிறகே ஆட்டத்துக்கு வரும். அதன்பின் உதைத்து நகர்ந்ததுமே வந்துவிடுகிறது, சக ஆட்டக்காரர் பாக்ஸுக்குள்ளேயே வாங்கலாம். அணிகள் தங்கள் கோலருகிலிருந்தே சிறு பாஸ்களால் ஆட்டத்தைக் கட்டும் முறையே இதனால் மாறியது. அதற்கு முன் ஓய்வு பெற்றவருக்கு இந்தச் சூழலில் ஆடிய அனுபவம் கிடையாது. "எங்கள் காலத்தில் தூக்கி அடித்திருப்போம்" என்று சொன்னால் அது விளக்கமாகாது.

ஆஃப்சைடிலும் அப்படித்தான். ஆஃப்சைடு நிலையில் (எதிரணிப் பாதியில், பந்தையும் அந்த அணியின் கடைசிக்கு முந்தைய ஆட்டக்காரரையும் தாண்டி) நிற்பதே குற்றமல்ல, அங்கிருந்து ஆட்டத்தில் தலையிட்டால்தான் குற்றம். இந்த ஒரு வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்தாலே பாதிச் சர்ச்சை அடங்கும்.

பக்கக்கோடு
மிக்க நன்றி. ஸ்டூடியோவில் உட்கார்ந்து அலசுபவர் வேலையும் இதேதானா? ஒப்பந்தம், பயிற்சி பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

அரைநேரம்
ஸ்டூடியோ வேறு வேலை. இடைவேளை அதிகபட்சம் 15 நிமிடம். விளம்பரம் போக மூன்று பேர் பகிர்ந்துகொள்ளச் சில நிமிடங்களே மிஞ்சும். அதனால் முதல் பாதி ஓடும்போதே நேரத்தைக் குறித்து ("23:40, வலப்பக்கம் காலி") காட்சிகளை வெட்டி ஒட்டும் படத்தொகுப்பாளரிடம் கொடுக்க வேண்டும். இரண்டு காட்சி போதும். படத்தை ஷாட் அடிக்கும் கணத்தில் நிறுத்தாதீர்கள், அதற்கு முந்தைய பாஸ் காலை விட்டுக் கிளம்பும் கணத்தில் நிறுத்துங்கள். தவறு அங்கேதான் தெரியும்.

எல்லாவற்றிலும் கடினம் நிகழ்ச்சியை நடத்துவது. தான் பேசிக்கொண்டிருக்கும்போதே காதில் இயக்குநர் பத்திலிருந்து கீழே எண்ணுவார். பூஜ்ஜியத்தில் வாக்கியம் முடிய வேண்டும். இங்கிலாந்தின் முன்னாள் முன்கள ஆட்டக்காரர் கேரி லினேகர் 1994இல் ஆட்டத்தை நிறுத்தினார், 1999இல்தான் பிபிசியின் கால்பந்து நிகழ்ச்சியான மேட்ச் ஆஃப் த டேயை நடத்தும் முதன்மைத் தொகுப்பாளரானார். இடைப்பட்ட ஐந்து வருடத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். இங்கிலாந்துக்கு 140 ஆட்டங்கள் ஆடிய அலெக்ஸ் ஸ்காட், விளையாட்டு எழுத்தும் ஒலிபரப்பும் பட்டப்படிப்பாகவே படித்தவர்.

பயிற்சிக்குச் செலவே இல்லை. ஒலியை நிறுத்திவிட்டு ஓர் ஆட்டத்தின் 15 நிமிடத்துக்கு வர்ணனை பேசிப் பதிவு செய்யுங்கள். மறுநாள் அதைக் கேட்டுச் சொல்லுக்குச் சொல் எழுதுங்கள். திரையிலேயே தெரிந்ததைத் திரும்பச் சொன்ன வரிகளை அடியுங்கள். முதல் தடவை பெரும்பகுதி அடிபட்டுவிடும், கலங்க வேண்டாம்.

ஒப்பந்தத்தில் மூன்றைப் பாருங்கள்: சீசனுக்கு உறுதியான ஆட்டங்கள் எத்தனை, பயணச் செலவு யாருடையது, ஒளிபரப்பு உரிமை கைமாறினால் என்ன ஆகும். மூன்றாவதுதான் ஆபத்து. உரிமைகள் மூன்று நான்கு வருடக் கணக்கில் விற்கப்படுகின்றன. பிரீமியர் லீக்கின் பிரிட்டன் உரிமை 2025–26இலிருந்து நான்கு சீசன்களுக்கு. நிலையம் உரிமையை இழந்தால் எவ்வளவு நன்றாகப் பேசினாலும் நாற்காலி இருக்காது.

இரண்டாம் மைக்
ஒன்று விட்டுப்போனது. இப்போது நிறைய வர்ணனை அரங்கில் இல்லாமல் திரையைப் பார்த்தே செய்யப்படுகிறது. கேமரா காட்டாத துணை நடுவர் கொடி உங்களுக்கும் தெரியாது. விஏஆர் (வீடியோ பார்த்து உதவும் நடுவர்) வந்தபின் ஆஃப்சைடு நெருக்கமாக இருந்தால் துணை நடுவர் அந்தத் தாக்குதல் முடியட்டும் என்று கொடியைத் தாமதமாகவே தூக்குகிறார். எனவே கோல் விழுந்ததும் முடிவாக எதையும் சொல்லாதீர்கள். அரங்கில் இருந்தால் வழி சுலபம்: கொடியைத் தாழ்த்திப் பிடித்துத் துணை நடுவர் நடுக்கோட்டை நோக்கி ஓடுகிறாரா என்று ஒரு பார்வை பாருங்கள், பிறகு பேசுங்கள்.