அணு எரிபொருள் ஆலையைப் பிரித்து அப்புறப்படுத்தும் செலவு: பணத்தை எப்போது எடுத்து வைப்பது?

எண்ணூர்க்கழி:
கல்பாக்கம் அணுமின் நிலைய மின்சாரத்தில் யூனிட்டுக்கு 2 பைசா டீகமிஷனிங் (மூடிய பிறகு பிரித்து அப்புறப்படுத்துவது) நிதிக்காகக் கட்டணத்திலேயே பிடிக்கிறார்கள். யுரேனிய எரிபொருள் தயாரிக்கும் ஆலை மின்சாரம் விற்பதில்லையே, அதை மூடும்போது பணம் எங்கிருந்து வரும்? ஆலை மூடிய பிறகு மண்ணை யார் காசில் சுத்தம் செய்வது என்பது எண்ணூர், மணலி பக்கம் நன்றாகவே பழகிய கேள்வி. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மீஞ்சூர் கணக்கு:
அந்த 2 பைசாவே எவ்வளவு சேரும் என்று பாருங்கள் சார். கல்பாக்கத்தின் 220 மெகாவாட் உலை இரண்டும் 80 சதவீதம் ஓடினால் வருஷத்துக்கு 308 கோடி யூனிட், அதாவது 6.17 கோடி ரூபாய். நிதி போதுமானதா என்று உறுதிசெய்யும் பொறுப்பே அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கு இல்லை என்று 2012ல் சிஏஜி (மத்திய அரசின் தலைமைத் தணிக்கை அமைப்பு) எழுதியது. ஹைதராபாத் எரிபொருள் வளாகம் அணுசக்தித் துறையுடையது, எனவே செலவு கடைசியில் அரசு பட்ஜெட்டில்தான் விழும்.

அமெரிக்காவில் இப்படிப்பட்ட ஆலைக்கு உரிமம் வாங்கும்போதே மூடும் செலவுக்கு உத்தரவாதம் காட்ட வேண்டும்: டிரஸ்ட் நிதி, ஷூரிட்டி பாண்ட் (ஜாமீன் பத்திரம்), லெட்டர் ஆஃப் கிரெடிட் (வங்கி தரும் பண உறுதிக் கடிதம்). வங்கி அந்தக் கடிதத்தைப் புதுப்பிக்க மாட்டேன் என்றால் 90 நாள் முன்னால் சொல்ல வேண்டும். 30 நாளில் மாற்று உத்தரவாதம் வராவிட்டால் முழுத்தொகையும் டிரஸ்டுக்குப் போய்விடும். இந்த விதிதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

மணலி பைப்லைன்:
மூடும் செலவு எவ்வளவு என்ற மதிப்பீட்டில்தான் ஏமாற்று நடக்கும். வேலையை வெளிக் கான்ட்ராக்டர் செய்வதாகவே கணக்குப் போட வேண்டும். நம்ம ஆட்களே செய்துவிடுவார்கள் என்று எழுதினால், கம்பெனி மூழ்கும் நாளில் அந்த ஆட்கள் இருக்க மாட்டார்கள். பழைய இரும்பு விற்ற காசைக் கழிக்கக் கூடாது. எதிர்பாராததற்கு 25 சதவீதம் கூட்டி, குறைந்தது மூன்று வருஷத்துக்கு ஒருமுறை திருத்த வேண்டும்.

தரை, டக்ட் (காற்றுக் குழல்), குழாய் நீளத்தை அறை அறையாக அளப்பார்கள். தவறுவது தரைக்குக் கீழே: வடிகால் மூட்டில் கசிந்து மண்ணில் இறங்கிய யுரேனியம். அதைத் தோண்டி, பெட்டியில் அடைத்து, அனுப்பிப் புதைக்கும் செலவு கட்டடத்தை இடிப்பதைவிட எகிறிவிடலாம்.

எண்ணூர்க்கழி:
உலையைப் போல முப்பது வருஷம் பூட்டிவைத்துவிட்டு அப்புறம் பிரிக்கலாமே அண்ணா? வட்டியும் சேருமே?

மணலி பைப்லைன்:
உலையில் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் இருக்கிறது, அரை ஆயுள் (கதிரியக்கம் பாதியாகும் காலம்) 5.27 வருஷம், காத்திருந்தால் குறையும். யுரேனியம்-238க்கு 450 கோடி வருஷம். காத்திருந்தால் கசிவுதான் பரவும், காவல் செலவும் ஏறும்.

மீஞ்சூர் கணக்கு:
தாய் நிறுவனத்தின் பொறுப்பை நம்பியும் பயனில்லை. அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்தில் கெர்-மக்கீ நிறுவனத்தின் சிமரான் அணு எரிபொருள் ஆலை 1975ல் உற்பத்தியை நிறுத்தியது. பொறுப்பு கெர்-மக்கீயிடமிருந்து பிரிந்த டிரோனாக்ஸ் என்ற நிறுவனத்துக்குப் போனது, டிரோனாக்ஸ் 2009ல் திவால் மனு போட்டது. 2011 ஒப்பந்தத்தில் உருவான டிரஸ்ட்தான் நிலத்தடி நீரில் இருக்கும் யுரேனியத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. இங்கே தனியார் ஆலை வந்தால், முதல் கிலோ யுரேனியம் உள்ளே போகும் முன் பணம் டிரஸ்டில் இருக்க வேண்டும் என்று கேளுங்கள்.