மருமகனின் அமெரிக்க கிளியரன்ஸ் படிவத்தில் என் பெயர் போகலாமா?

சூலூர்ப்பேட்டை மாமா:
ஸ்ரீஹரிகோட்டாவில், இஸ்ரோவின் ராக்கெட் ஏவுதளமான ஷாரில் டெக்னீஷியனாக இருக்கிறேன். அக்கா மகன் நியூஜெர்சியில் பிறந்தவன், அமெரிக்கக் குடிமகன். இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டையும் உண்டு. வர்ஜீனியாவில் ராணுவத்துக்கு வேலை செய்யும் ஒரு கம்பெனியில் இடம் கிடைத்திருக்கிறது, அதற்கு சீக்ரெட் கிளியரன்ஸ், அதாவது அரசு ரகசியங்களைக் கையாள அனுமதி வேண்டுமாம். எஸ்எஃப்-86 என்ற படிவத்தில் போட என் முகவரி, பிறந்த தேதி, எங்கே வேலை என்றெல்லாம் கேட்கிறான். என் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டவன், கேட்டால் கொடுக்காமல் இருப்பேனா? ஆனால் மாமன் இந்திய விண்வெளித் துறையில் இருப்பதே அவன் வேலைக்கு வேட்டு வைத்துவிடுமோ? என் பெயரை விட்டுவிடச் சொல்லலாமா? தடாவில் உள்ள அப்பாவின் வீட்டை அவனுக்கு எழுதிவைக்கும் யோசனையும் இருக்கிறது. அக்கா வேறு, இரட்டைக் குடியுரிமை என்று தள்ளிவிடுவார்கள், ஓசிஐயைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்கிறாள்.

வர்ஜீனியாவாசி:
அண்ணா, பெயரை விடவே கூடாது. வேடிக்கை என்னவென்றால் அந்தப் படிவத்தின் உறவினர் பகுதியில் தாய்மாமனுக்கு இடமே இல்லை! பெற்றோர், கூடப்பிறந்தவர்கள், பிள்ளைகள், மாமனார் மாமியார் இப்படித்தான் போகும். நீங்கள் வருவது 19ஆம் பகுதியில். பாசத்தாலோ கடமையாலோ கட்டுண்டு, கடந்த 7 ஆண்டுகளில் நெருங்கிய தொடர்பில் இருந்த வெளிநாட்டவரை அங்கே எழுத வேண்டும். காது குத்திய மாமன் அதில் வராமல் யார் வருவார்?

கிளியரன்ஸ் கொடுக்கலாமா என்று முடிவு செய்ய 2017இல் நடைமுறைக்கு வந்த சீட்-4 என்ற அமெரிக்க விதிகளில் வெளிநாட்டுச் செல்வாக்கு என்று தனித் தலைப்பு இருக்கிறது. உங்களைக் காட்டி அவனை மிரட்டவோ வளைக்கவோ முடியுமா என்பதுதான் அதன் சாரம். நீங்கள் அரசு ஊழியர், அதனால் கூடுதலாகக் கிளறுவார்கள். எந்த நாடு, உங்கள் பொறுப்பு என்ன, அவனுடைய வேர் எங்கே என்று எல்லாவற்றையும் சேர்த்து எடைபோடுவார்கள். உறவு இருப்பதற்காக மட்டும் தள்ளுவதில்லை. மறைத்தது தெரிந்தால் அது நேர்மைக் குறைவு என்ற தலைப்பில் போய் விழும், அதிலிருந்து எழுந்து வருவது கஷ்டம்.

வீடும் அப்படித்தான். இனி வரப்போகும் வெளிநாட்டு வீடு, நிலத்தையும் 20ஆம் பகுதி கேட்கிறது. அவசரமில்லையென்றால் பத்திரத்தை ஆறப்போடுங்கள்.

சித்தூர் ரிட்டயர்டு:
அக்காவைச் சமாதானப்படுத்துங்கள். ஓசிஐ குடியுரிமையே இல்லை. அரசியல் சட்டத்தின் 9ஆவது பிரிவும் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் இந்தியருக்கு இரட்டைக் குடியுரிமையை அனுமதிப்பதில்லை. அந்த அட்டைக்கு ஓட்டு கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது. பேர்தான் பெரிது. அமெரிக்காவிலும் இரட்டைக் குடியுரிமை என்பதற்காக மட்டும் கிளியரன்ஸை மறுப்பதில்லை. பையன் அட்டை இருப்பதைச் சொல்லிவிட்டால் போதும்.

உங்கள் பக்கத்தையும் பாருங்கள் சார். வேலையில் சேர்ந்தபோது பின்னணி விசாரணைக்கான அட்டெஸ்டேஷன் படிவத்தில் அக்காவின் நாட்டுரிமையை எழுதியிருப்பீர்கள். இப்போது இன்னொரு நாட்டு அரசின் கையில் உங்கள் பெயர் போகிறது. விவரம் அனுப்புவதற்கு முன்னால் உங்கள் நிர்வாகப் பிரிவுக்கு எழுத்தில் தெரிவியுங்கள், பதில் வரட்டும். பையனிடம் துறை பெயர், பதவி தவிர வேறெதுவும் வேண்டாம், போனில்கூட.

சூலூர்ப்பேட்டை மாமா:
சரி சார், திங்கட்கிழமை கடிதம் கொடுத்துவிடுகிறேன். தம்பி, படிவத்தை அனுப்ப அவனுக்குக் கெடு இருக்கிறதாம், எங்கள் ஆபீஸ் பதில் தாமதமானால் என்ன செய்வான்?

வர்ஜீனியாவாசி:
கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரியிடம் காரணத்தைச் சொல்லி அவகாசம் கேட்கச் சொல்லுங்கள் அண்ணா.