அம்மாவின் முழங்கால் ஆபரேஷன்: இன்சூரன்ஸில் ஒரு லட்சம் பிடித்துவிட்டார்கள், இது சரியா?

தென்காசி மகன்:
வணக்கம். அம்மாவுக்கு 63 வயது. போன மாதம் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் வலது முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் நடந்தது. ஆபரேஷன் நன்றாக முடிந்தது, இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார்கள். பிரச்சினை பில்லில்தான்.

5 லட்சம் ரூபாய் பாலிசி. ரூம் வாடகைக்கு ஒரு நாளைக்கு 5,000 வரைதான் என்று அதில் இருக்கிறது. நாங்கள் போன அன்று 8,000 ரூபாய் ரூம்தான் காலி. கூடுதல் 3,000ஐக் கையிலிருந்து கட்டினால் போதும் என்று நினைத்து, சரி என்று சேர்த்தோம்.

மொத்த பில் 2,60,000. ரூம் நான்கு நாளுக்கு 32,000. சர்ஜன், மயக்க மருந்து டாக்டர் ஃபீஸ் 80,000. தியேட்டர் 30,000. இம்ப்ளாண்ட் (உள்ளே வைக்கும் செயற்கை மூட்டு) 70,000. மருந்து மற்றும் சாமான்கள் 38,000. டெஸ்ட் 10,000. கம்பெனி ஒப்புக்கொண்டது 1,58,750 மட்டும். மீதி 1,01,250 கட்டிய பிறகுதான் டிஸ்சார்ஜ். "எல்லாம் வந்துவிடும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். எந்தக் கணக்கில் இவ்வளவு பிடித்தார்கள் என்று யாராவது விளக்க முடியுமா?

நெல்லை ராஜ்:
ரூம் கூடுதலாக எடுத்தால் எல்லாவற்றிலும் வெட்டத்தான் செய்வார்கள். என் சித்தப்பாவுக்கும் இதே கதைதான். அலைந்து பிரயோஜனம் இல்லை நண்பரே.

கிளெய்ம் மேசை:
நான் ஒரு டிபிஏ அலுவலகத்தில், அதாவது இன்சூரன்ஸ் கம்பெனிக்காக கிளெய்ம்களைக் கையாளும் இடத்தில், பல வருஷம் கிளெய்ம் பார்த்தவன். ராஜ் சொல்வதில் பாதிதான் சரி. எல்லாவற்றிலும் வெட்டக் கூடாது.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். கையுறை, க்ரீப் பேண்டேஜ், வாக்கர், முழங்கால் பெல்ட் மாதிரி தராத சாமான்களுக்கு முதலில் 6,000 கழித்திருப்பார்கள். அந்தப் பட்டியல் எல்லாக் கம்பெனிக்கும் பொது, அதை விட்டுவிடுங்கள். மீதி 2,54,000. 8,000 ரூமுக்கு 5,000தான் தகுதி என்றால் 62.5 சதவீதம். 2,54,000ல் 62.5 சதவீதம் சரியாக 1,58,750. ஆக, மொத்த பில்லையும் அப்படியே அந்த விகிதத்தில் வெட்டியிருக்கிறார்கள்.

இதுதான் தப்பு. இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2020ல் கொண்டுவந்த வழிகாட்டுதல்படி, இந்த விகித வெட்டு 'அசோசியேட்டட் மெடிக்கல் எக்ஸ்பென்சஸ்' என்ற தலைப்பில் வரும், டாக்டர் ஃபீஸ், தியேட்டர் மாதிரி செலவுகளுக்கு மட்டும்தான். மருந்து, சாமான்கள், இம்ப்ளாண்ட், டெஸ்ட் எதுவும் அதில் சேராது. ஐசியு கட்டணத்திலும் இந்த வெட்டு கூடாது. உங்கள் பாலிசி புத்தகத்தில் விளக்கங்கள் பகுதியில் இந்தத் தலைப்பைத் தேடிப் பாருங்கள்.

இம்ப்ளாண்ட் 70,000, மருந்து, சாமான்கள் (38,000ல் அந்த 6,000 போக) 32,000, டெஸ்ட் 10,000, ஆக 1,12,000. இதில் வெட்டிய 42,000 உங்களுக்குத் திரும்ப வர வேண்டும்.

இன்னொன்று. ரூமைப் பொறுத்துக் கட்டணம் மாறாத மருத்துவமனையிலும், மாறாத கட்டணத்திலும் இந்த வெட்டே போடக் கூடாது. சர்ஜன் ஃபீஸ் ஜெனரல் வார்டுக்கும் தனி ரூமுக்கும் அங்கே ஒன்றா என்று பில்லிங்கில் கேளுங்கள். ஒன்று என்றால் லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்குங்கள்.

எலும்பு டாக்டர், கோவை:
நான் மூட்டு மாற்று செய்யும் டாக்டர். "எல்லாம் வந்துவிடும்" என்று எங்களில் பலர் சொல்கிறோம், ஆனால் நோயாளியின் பாலிசியை நாங்கள் பார்ப்பதே இல்லை. அந்த வார்த்தையைச் சொல்லவே கூடாது என்பது என் கருத்து. திட்டமிட்ட ஆபரேஷனில் பணத்தைப் பற்றிப் பேச நிறைய நேரம் இருக்கிறது. ஓபியிலேயே டாக்டரிடம் கேளுங்கள்: எந்த இம்ப்ளாண்ட், அதன் விலை என்ன, ரூம் மாறினால் உங்கள் ஃபீஸ் மாறுமா என்று. கேட்டால் கோபித்துக்கொள்வார் என்று தயங்க வேண்டாம். அவசரம் இல்லாத ஆபரேஷன் என்றால், தகுதியான ரூம் கிடைக்கும் தேதிக்கு மாற்றித் தரச் சொல்லலாம், நாங்கள் மாற்றித் தருவோம்.

முழங்கால் இம்ப்ளாண்டுக்கு 2017 ஆகஸ்ட் முதல் அரசின் உச்சவரம்பு விலை உண்டு. அதன் பெட்டியில் இருக்கும் ஸ்டிக்கரை கேஸ் ஷீட்டில் ஒட்டியிருப்பார்கள். கம்பெனிப் பெயர், சைஸ், பேட்ச் எண் எல்லாம் அதில் இருக்கும். ஸ்டிக்கர் ஒட்டிய பக்கத்தின் நகலும் இம்ப்ளாண்ட் பில்லும் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். மேல்முறையீட்டில் 70,000க்கு அதுதான் ஆதாரம்.

பெரம்பூர் சுதா:
இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். அப்பாவுக்குக் காலையில் டிஸ்சார்ஜ் சொல்லிவிட்டார்கள். இன்சூரன்ஸிலிருந்து பதில் வரவில்லை என்று இன்னும் உட்கார வைத்திருக்கிறார்கள். 'சுகர் எத்தனை வருஷமாக' என்று வேறு இப்போது கேட்கிறார்களாம். சேர்க்கும்போது ஜூனியர் டாக்டர் பத்து வருஷம் என்று எழுதிவிட்டார். உண்மையில் இரண்டு வருஷம்தான்.

கிளெய்ம் மேசை:
சுதா மேடம், டிஸ்சார்ஜ் கோரிக்கை போய் மூன்று மணி நேரத்துக்குள் இறுதி அனுமதி தர வேண்டும் என்று 2024 மே மாத ஐஆர்டிஏஐ சுற்றறிக்கை சொல்கிறது. அதைத் தாண்டிய தாமதத்துக்கு மருத்துவமனை கூடுதல் கட்டணம் போட்டால் அதைக் கம்பெனிதான் ஏற்க வேண்டும். மருத்துவமனை எத்தனை மணிக்கு அனுப்பியது என்பதை இன்சூரன்ஸ் மேசையில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பல நேரம் அங்கேயே ஃபைல் கிடக்கும்.

பாலிசி விடாமல் ஐந்து வருஷம் ஓடியிருந்தால், மோசடி தவிர, பழைய நோயை மறைத்தீர்கள் என்று மறுக்க முடியாது. அதையும் சொல்லுங்கள்.

எலும்பு டாக்டர், கோவை:
அம்மா, சுகர் முதலில் தெரிந்த அன்று எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாளோ பழைய சீட்டோ இருந்தால் சிகிச்சை தரும் டாக்டரிடம் காட்டுங்கள். அதைப் பார்த்து அவர் திருத்தக் கடிதம் தரலாம். ஆதாரம் இல்லாமல் வருஷத்தைக் குறைத்து எழுதச் சொன்னால் எழுத மாட்டோம், எழுதவும் கூடாது.

பெரம்பூர் சுதா:
நன்றி டாக்டர். முதல் ரிப்போர்ட் தம்பியின் போனில் இருந்தது. டாக்டர் இப்போதே எழுதித் தருகிறார்.

தென்காசி மகன்:
பில்லிங்கில் கேட்டேன். சர்ஜன், மயக்க மருந்து ஃபீஸ் எல்லா ரூமுக்கும் ஒன்றுதானாம், தியேட்டர் கட்டணம் மட்டும் மாறுமாம். எழுதித் தரவும் ஒப்புக்கொண்டார்கள். அப்படியென்றால் 80,000ல் வெட்டிய 30,000ம் சேர்த்து 72,000 கேட்கலாமா? யாருக்கு எழுதுவது? ஒரிஜினல் பில் எல்லாம் மருத்துவமனையே கம்பெனிக்கு அனுப்பிவிட்டது.

கிளெய்ம் மேசை:
72,000தான் கேட்க வேண்டும். ரூமில் 12,000, தியேட்டரில் 11,250, அந்த 6,000 ஆகியவற்றைக் கேட்காதீர்கள். சரியான தொகையை மட்டும் கேட்டால் கடிதத்துக்கு மதிப்பு இருக்கும்.

முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு ஈமெயில். தொகையை வரி வரியாகப் போடுங்கள், பாலிசிப் பக்கத்தையும் மருத்துவமனைக் கடிதத்தையும் சேருங்கள். அப்புறம் அதையே ஐஆர்டிஏஐயின் புகார் தளமான பீமா பரோசாவிலும் பதியுங்கள், 155255க்குப் போன் செய்தும் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது மறுத்தார்கள் என்றால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனுக்கு (கம்பெனிமீதான புகார்களை விசாரிக்கும் அதிகாரி) எழுதுங்கள். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். கம்பெனி மறுத்த ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும்.

ஒரிஜினல் இல்லாதது பரவாயில்லை. மருத்துவமனை சீல் போட்ட நகல் போதும். டிஸ்சார்ஜ் சம்மரி, இனம்வாரியான பில், கம்பெனி அனுப்பிய இறுதி அனுமதிக் கடிதம் மூன்றுக்கும் சீல் வாங்குங்கள்.

தென்காசி மகன்:
நாளைக்கு அம்மாவுக்குத் தையல் பார்க்க மதுரை போகிறோம். அப்போதே சீல் வாங்கி, ராத்திரி ஈமெயில் அனுப்பிவிடுகிறேன். பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன் சார்.