விட்ஜெட் ஸ்டைலை எப்போது முடிவு செய்கிறீர்கள்? அனுபவங்களைப் பகிருங்கள்

க்யூட்டியில் (Qt, சாளர மென்பொருள் எழுத உதவும் நிரல் தொகுப்பு) எழுதும் டெஸ்க்டாப் மென்பொருளுக்கு எந்த ஸ்டைல், அதாவது பொத்தான் போன்ற விட்ஜெட்டுகள் எந்தத் தோற்றத்தில் வரையப்படும் என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. நாம் எதுவும் சொல்லாவிட்டால் இயங்குதளத்துக்கு ஏற்ற ஸ்டைலை க்யூட்டி தானே எடுத்துக்கொள்கிறது. அதனால் அப்படி ஒரு தேர்வு இருப்பதே பலர் கண்ணில் படுவதில்லை.

சரக்கு இருப்புக் கணக்குக்கான ஒரு மென்பொருளில், ‘நீக்கு’ பொத்தான் மட்டும் சிவப்பாக இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். விண்டோஸில் அது விண்டோஸ்விஸ்டா ஸ்டைலில் ஓடிக்கொண்டிருந்தது. பேலட்டில், அதாவது விட்ஜெட்டுகளுக்கான நிறத் தொகுப்பில், சிவப்பைக் கொடுத்தோம்; பொத்தான் அசைந்துகொடுக்கவில்லை. அந்த ஸ்டைல் பொத்தானைத் தானே வரைவதில்லை. விண்டோஸின் தீம் எஞ்சினை வரையச் சொல்கிறது. நாம் சொல்லும் நிறம் அங்கே எடுபடாது.

சரி, தோற்ற விதிகளை எழுதும் ஸ்டைல்ஷீட்டில் பின்னணி நிறத்துக்கு ஒரு வரி எழுதினோம். அதுவும் தெரியவில்லை. இயங்குதளம் வரையும் விளிம்பு, பின்னணியை முழுக்க மூடிவிடுகிறது. விளிம்புக்கும் ஒரு விதி சேர்த்த பிறகுதான் சிவப்பு வந்தது. ஆனால் சுட்டியை மேலே கொண்டுபோகும்போது வரும் ஒளிர்வும், அழுத்தினால் உள்ளே அமுங்குவது போன்ற தோற்றமும் போய்விட்டன. சொடுக்கினோமா இல்லையா என்றே தெரியாத ஒரு சிவப்புக் கட்டம்தான் மிஞ்சியது. ஒவ்வொரு நிலைக்கும் தனி விதி எழுத வேண்டியதாயிற்று. காம்போபாக்ஸும் (விரியும் தேர்வுப் பட்டியல்) ஸ்க்ரோல்பாரும் (உருட்டுப் பட்டை) இன்னும் கடுமை: ஒரு பகுதியைத் தொட்டால் மற்ற பகுதிகளையும் நாமே வடிவமைத்தாக வேண்டும்.

க்யூட்டியுடன் வரும் ஃப்யூஷன் என்ற ஸ்டைலுக்கு மாறியதும் அந்த விதிகளில் பெரும்பகுதியை அழித்துவிட்டோம். 2012 டிசம்பரில் வெளியான க்யூட்டி 5.0 முதல் இருக்கும் இந்த ஸ்டைல், எந்த இயங்குதளத்திலும் விட்ஜெட்டுகளைத் தானே வரைகிறது, பேலட்டுக்குக் கட்டுப்படுகிறது. அப்ளிகேஷன் ஆப்ஜெக்ட்டை உருவாக்குவதற்கு முன் ஒரே ஒரு வரி போதும். சோதித்துப் பார்க்க அதுகூட வேண்டாம். நிரலை இயக்கும் கட்டளையில் ஸ்டைல் பெயரைச் சேர்த்தாலே மாறிவிடும்.

கருந்தோற்றம் அமைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். எந்த நிலைக்கு என்று சொல்லாமல் எழுத்து நிறத்தை வெள்ளையாக்கினால், முடக்கப்பட்ட பொத்தான்களுக்கும் அதே வெள்ளை போய்விடும். எது வேலை செய்யும், எது செய்யாது என்று பயனருக்குப் புரியாது. பார்வைக் குறைவு உள்ளவர்களுக்கு இது பெரிய சிரமம். முடக்கப்பட்ட நிலைக்குச் சாம்பல் நிறத்தைத் தனியாகக் கொடுங்கள்.

நிறம் எதையும் மாற்றப்போவதில்லை என்றால் இயங்குதளத்தின் ஸ்டைலே நல்லது. பயனருக்குப் பழகிய தோற்றத்தை வீணாக ஏன் கலைக்க வேண்டும்?

பதில்

சாளர மென்பொருளுக்கான இன்னொரு தொகுப்பான டிகேயிலும் (Tk) இதே கதைதான். 2007-இல் வந்த 8.5 பதிப்பிலிருந்து தீமுக்கு ஏற்பத் தோற்றம் மாறும் டிடிகே (Ttk) விட்ஜெட்டுகள் கூடவே வருகின்றன. பழைய பொத்தானுக்குக் கொடுத்ததைப் போல இதற்கும் பின்னணி நிறத்தை நேரடியாகக் கொடுத்தேன். பிழைச் செய்திதான் வந்தது. ஸ்டைல் வழியாகக் கொடுத்தபோது, விஸ்டா தீமில் பொத்தானைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு மட்டும் நிறம் மாறியது! கிளாம் தீமுக்குப் போனதும் பொத்தான் முழுவதும் நிறம் ஏறியது. கிளாம் சற்றுப் பழைய பாணிதான், ஆனால் சொன்ன சொல் கேட்கும். எனக்கு அதுவே போதும்.

பதில்

ஸ்டைலைக் குறிப்பிடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு என் அனுபவம். 2024-இல் வந்த க்யூட்டி 6.7-க்கு மாறினோம். எங்கள் நிரலில் ஒரு வரிகூட மாறவில்லை. ஆனால் விண்டோஸ் 11 கணினிகளில் புதிய விண்டோஸ்11 ஸ்டைல் தானாகவே வந்து அமர்ந்துவிட்டது. விண்டோஸ் 10-இல் பழையபடியே விஸ்டா ஸ்டைல். உள்ளீட்டுக் கட்டங்களின் உள் இடைவெளி இரண்டிலும் ஒன்றல்ல என்பதால், பிக்சல் கணக்கில் உயரம் கொடுத்திருந்த கட்டங்களில் எழுத்தின் அடிப்பகுதி வெட்டுப்பட்டது. தமிழ் எழுத்துகளில் ‘கு’, ‘மூ’ போன்றவற்றின் கீழ்ச்சுழி காணாமல் போனதால் உடனே கண்ணில் பட்டது. நிலையான உயரங்களை எடுத்துவிட்டு அளவை, கட்டங்களைத் தானே அடுக்கி அமைக்கும் லேஅவுட்டின் பொறுப்பில் விட்டோம். ஸ்டைல் பெயரையும் இப்போது நிரலில் வெளிப்படையாக எழுதியிருக்கிறோம்.