திருச்சியில் பாடியது, வெள்ளவத்தையில் உறுமுகிறது

கேள்வி: திருச்சியிலிருந்து மாற்றலாகி கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. ஆசைப்பட்டு வாங்கிய ஆம்ப்ளிஃபயரை மெனக்கெட்டுத் தூக்கிக்கொண்டு வந்தேன். டிவியோடு இணைத்தால், பாட்டு ஓடாதபோதும் 'ம்ம்ம்' என்று ஒரே இரைச்சல். ஊரில் ஒருநாளும் இப்படி இருந்ததில்லை. இங்கே கரண்ட் வேறா? ஸ்டெபிலைசர் வாங்க வேண்டுமா?

பதில்: கரண்ட் ஒன்றுதான் தம்பி. அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இங்கேயும் அதேதான். ஸ்டெபிலைசருக்குக் காசைக் கொட்டாதீர்கள், இந்த இரைச்சலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மாறியிருப்பது பிளக்கும் எர்த்தும். நான் வந்த புதிதில் இதே உறுமலுக்குப் பயந்து ஒரு கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது என்று மாற்றிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து போட்டால் அதே ம்ம்ம்.

நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: உங்கள் வீட்டில் எர்த் இரண்டு வழியாக வருகிறதா, இல்லை வரவே இல்லையா? இரண்டுக்கும் சத்தம் கிட்டத்தட்ட ஒன்றுதான், வைத்தியம்தான் நேரெதிர்.

பிளக்கிலிருந்து ஆரம்பியுங்கள். ஊர் பிளக் உருண்டை முள். இங்கே புது வீடுகளில் 13 ஆம்பியர் சதுர முள். நடுவே ஒரு மலிவு அடாப்டர் போட்டிருப்பீர்கள். அதைக் கழற்றிப் பாருங்கள், பலவற்றில் எர்த்துக்கு ஓட்டை இருக்கும், உள்ளே தகடு இருக்காது. சிலர் எர்த் ஓட்டையில் பேனாவை விட்டு மூடியைத் திறந்து இரண்டு முள்ளைச் சொருகுவார்கள். தயவுசெய்து அந்தப் பழக்கம் வேண்டாம். பழைய வாடகை வீடு என்றால் 5 ஆம்பியர் உருண்டை சாக்கெட் இருக்கும், உங்கள் பிளக் அழகாக உட்காரும். ஆனால் மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லாமலும் இருக்கலாம்.

எர்த் இல்லையென்றால் ஆம்ப்ளிஃபயரின் இரும்புப் பெட்டியில் டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரியும். டிவி, செட் டாப் பாக்ஸ் போன்றவற்றின் பவர் சப்ளையிலிருந்து கசியும் சிறு மின்சாரம் போக வழியில்லாமல் ஆர்சிஏ ஒயர் (டிவியின் சத்தத்தை ஆம்ப்ளிஃபயருக்குக் கொண்டுபோகும் சிவப்பு வெள்ளை முனை ஒயர்) வழியாக ஆம்ப்ளிஃபயருக்குள் நுழைந்து இரைகிறது. இதற்கு அடாப்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு நல்ல 13 ஆம்பியர் பிளக் மாட்டச் சொல்லுங்கள். பிளக்குக்குள்ளேயே ஃபியூஸ் உண்டு, சின்ன ஆம்ப்ளிஃபயருக்கு 3 ஆம்பியர் போதும். (நாளைக்கு ஆம்ப்ளிஃபயர் செத்துவிட்டது என்று பதறினால் முதலில் இந்த ஃபியூஸைப் பாருங்கள்.) சாக்கெட்டிலேயே எர்த் இல்லையென்றால் வீட்டுக்காரரிடம் சொல்லி ஆள் வரவழையுங்கள். இங்கே மேசனோ எலெக்ட்ரீஷியனோ, கைவேலைக்காரர் எல்லோரும் 'பாஸ்'தான். முதலாளியைக் கூப்பிடுகிறார்கள் என்று நான் முதலில் குழம்பினேன்.

எர்த் ஒழுங்காக இருந்தும் இரைந்தால் அடுத்த சோதனை. எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போதே செட் டாப் பாக்ஸிலிருந்து டிஷ் ஒயரை மட்டும் திருகிக் கழற்றுங்கள். சத்தம் சட்டென்று நின்றால் கள்ளன் பிடிபட்டான். அடுக்குமாடிகளில் மொட்டை மாடி டிஷ்ஷிலிருந்து ஒரே ஒயர் பிரிந்து பல வீடுகளுக்கு வரும். அந்த ஒயரைச் சுற்றியிருக்கும் உலோக வலை மாடியில் ஓர் எர்த்தைத் தொடுகிறது. உங்கள் ஆம்ப்ளிஃபயர் சுவர் சாக்கெட் வழியாக இன்னோர் எர்த்தைத் தொடுகிறது. இரண்டுக்கும் இடையில் துளி வோல்டேஜ் வித்தியாசம் போதும், அது ஆர்சிஏ ஒயரில் ஓடி, ஆம்ப்ளிஃபயர் அதையும் பாட்டு என்று நினைத்துப் பெருக்கிவிடும்.

இதற்கு டிவி, பாக்ஸ், ஆம்ப்ளிஃபயர் எல்லாவற்றையும் ஒரே மல்டி பிளக்கில் மாட்டிப் பாருங்கள், செலவில்லாத வைத்தியம். போகாவிட்டால் டிவியிலிருந்து ஆப்டிகல் ஒயர். அதில் போவது வெளிச்சம், மின்சாரம் தாண்டவே முடியாது. ஆம்ப்ளிஃபயரில் ஆப்டிகல் துளை இல்லையென்றால் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர், அதாவது பாட்டை மட்டும் விட்டு எர்த் தொடர்பைத் துண்டிக்கும் சின்னப் பெட்டி. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கேட்டுப் பாருங்கள், ஆனால் மிக மலிவானதில் பாஸ் சத்தம் மெலிந்துவிடும் (இது கைவேலைக்கார பாஸ் இல்லை).

எர்த் முள்ளை வெட்டினால் இரைச்சல் போய்விடும் என்று யாராவது சொல்வார்கள். போகும்தான். ஆனால் உள்ளே கரண்ட் ஒயர் பெட்டியைத் தொட்டால் ட்ரிப் சுவிட்சுக்கு (கசிவு கண்டால் கரண்டை நிறுத்தும் சுவிட்ச்) தெரியாது, உங்கள் கை பட்டபிறகுதான் தெரியும்.

கடலோரம் இருப்பவர்களுக்கு இன்னொன்று. என் வீடு மரைன் டிரைவ் பக்கம். ஒருமுறை டிஷ் ஒயரின் முனையைக் கழற்றினால் உள்ளே பச்சையாக மாவு பூத்திருந்தது, உப்புக்காற்றின் வேலை. முனையை வெட்டிப் புதிதாகப் போட்டதும் பாதி இரைச்சலும், படம் கட்டம் கட்டமாக உடைவதும் நின்றன.

கேள்வி: அண்ணா, டிஷ் ஒயரைக் கழற்றியதும் நின்றுவிட்டது! ஒரே மல்டி பிளக்கில் போட்டேன், நிறையக் குறைந்திருக்கிறது. ஆப்டிகல் வாங்கப் போகிறேன். எச்டிஎம்ஐ மாட்டும்போது விரலில் சுருக்கென்கிறதே, அது?

பதில்: அதே கசிவுதான். டிவிக்கு இரண்டு முள் பிளக்தானே, அதற்கு எர்த் கிடையாது. இரண்டு பக்கமும் பிளக்கை உருவிவிட்டு எச்டிஎம்ஐ மாட்டுங்கள், அப்புறம் கரண்ட் கொடுங்கள். இல்லையென்றால் ஒருநாள் போர்ட் போய்விடும். இன்னொன்று, ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் இங்கே பிற்பகல் இடி பயங்கரம். மேகம் கறுக்கும்போதே பிளக்கையும் டிஷ் ஒயரையும் சேர்த்துக் கழற்றிவிடுங்கள். இடி தொடங்கிவிட்டால் அந்த ஒயரில் கை வைக்காதீர்கள். போன வருடம் நான் பிளக்கை மட்டும் எடுத்தேன். பாக்ஸ் போனது டிஷ் ஒயர் வழியாக.